என் வீட்டுச் சுவிட்சு

என் வீட்டு ஹாலில் ஏசி போடுவதற்கு துபாயில் இருக்கும் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஒருவர் வேறு யாருமில்லை, என்னை நிக்காஹ் செய்த மனிதர்தான். இப்போது இதைச் சொன்னால் என் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. நான் பழி வாங்கினேன். ஆற அமர, ஆசை தீரப் பழி வாங்கினேன். அப்படியும் இதை எழுத உட்கார்ந்தால் உடம்பு கொதிக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது என் வீடு. பட்டுக்கோட்டையில் பஸ் ஏறினால் வயல் முடிந்து தென்னை தொடங்கும், தென்னையும் முடிந்து உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், அங்கேதான் எங்கள் ஊர். எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் வீடு. பெண் பிறந்ததுமே தகப்பன் செங்கல்லைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கட்டி முடித்து, பெண் பெயரில் எழுதிய பிறகுதான் நிக்காஹ் பேச்சு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து தங்குவார். கடைசிவரை அவருக்கு மாப்பிள்ளை மரியாதை. தண்ணீர்கூட அவராக எடுத்துக் குடிக்க விடமாட்டோம். லீவு முடிந்ததும் சபர் போய்விடுவார். சபர் என்று நாங்கள் சொல்வது சிங்கப்பூராக இருக்கலாம், சவூதியாக இருக்கலாம், துபாயாக இருக்கலாம். பகலில் எங்கள் தெருவில் ஆண் குரல் கேட்டால் அது பெரும்பாலும் மீன்காரராக இருக்கும்.

என் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை. சபரிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர், வி.சி.ஆர். எல்லாம் கடைசியில் அங்கே வந்துதான் உயிரை விடும். வாப்பா எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. கடைப்பக்கம் போனால், "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல, போ வூட்டுக்கு" என்று விரட்டுவார். அவர் கழித்துக் கட்டிய உதிரிகளை நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். தஞ்சாவூரில் பிசிக்ஸ் படிக்கப் போனபோது நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதுவரை கண்ணில் காணாத சாமான்கள் சீனாவிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வந்து ஒரு சந்துக் கடையில் இறங்கின. சக மாணவிகள் வளையல் வாங்கிய காசில் நான் ரிலே வாங்கினேன். ரிலே என்றால் மின்சாரத்தால் தானே விழுந்து எழும் ஒரு குட்டி சுவிட்சு, அவ்வளவுதான். அது 'டக்' என்று விழும் சத்தத்தைக் கேட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நிக்காஹ் ஆன பிறகு என் வீடே எனக்கு ஆய்வுக்கூடம். மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும். மஃரிப் நேரத்தில் வெளிச்சம் குறைந்ததும் உள்கட்டு விளக்கு தானாக எரியும். வாசல் கதவு திறந்தால் அடுப்படியில் மணி அடிக்கும். எல்லாவற்றுக்கும் மூளை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகையில் இருந்தது. உப்புக்காற்றுக்குச் செம்பு என்றால் கொள்ளை ஆசை, மாசக்கணக்கில் தின்று பச்சையாக்கிவிடும். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து நகப்பாலிஷ். இணைப்புகளின் மேல் சிவப்பாகப் பூசிவிடுவேன். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கும்போது, "அஞ்சு வேளை ஒளுச் செய்றவளுக்கு நகப்பாலிஷ் எதுக்குடி?" என்று எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவில் நகமும் நனைய வேண்டும், பாலிஷ் போட்டால் நனையாது. பலகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீ பைத்தியம்டி" என்று சொல்லிவிட்டு, மறுவாரம் தன் வீட்டுத் தொட்டிக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வந்து நின்றாள்.

என் பலகை ஒன்றும் அதிசயமில்லை. கார்த்திகை மழையில் மேகம் கவிந்தால் மத்தியானமே மஃரிப் என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடும். ஒருமுறை பல்லி விழுந்து மணி அரைமணி நேரம் நிற்காமல் அடித்தது. ஆனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கெட்டாலும் என் பேச்சைக் கேட்டுத்தான் கெடும்.

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சூது கிடையாது, வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். ஆனால் நான் செய்வதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். "ஒயர் குப்பை" என்பார். ஒருமுறை அவரோடு ரூமில் இருந்த கேரளாக்காரர் தன் ஊர் வீட்டு விளக்கைப் போனிலேயே போட்டு அணைத்துக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான், இவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த லீவுக்கு வந்தபோதே ஒரு கம்பெனியைப் பேசிவைத்துவிட்டு வந்தார். சீருடை போட்ட ஆட்கள் வந்து சுவரையெல்லாம் தோண்டினார்கள். என் சுவிட்சுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடித் தட்டுகளை மாட்டினார்கள், தொட்டால் நீலமாக மினுங்கும். ஹாலில் உத்திரத்தின் ஓரமாக ஒரு கேமரா, அதற்குள்ளேயே ஸ்பீக்கரும் மைக்கும்.

"சார், ஓனர் போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டான் கம்பெனி ஆள்.

இவர் தன் நம்பரைச் சொன்னார். தேநீர்த் தட்டோடு நான் அங்கேதான் நிற்கிறேன். வீடு யாருடையது என்று ஊருக்கே தெரியும், அந்தக் கம்பெனிக்கு மட்டும் தெரியாது. இவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனேன். போனால், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் என் பலகை இல்லை. ஒயர்களை வெட்டிப் பிடுங்கிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டிருந்தார்கள். அவர் பதிலுக்கு ஒரு ஊதா நிற பிளாஸ்டிக் வாளி கொடுத்திருந்தார். "நல்ல வாளிதான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வாளியை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

பிறகு அவர் சபர் போனார், வீட்டையும் போனில் போட்டுக்கொண்டு போனார். நான் ஏசி போட்டால் அவர் அங்கிருந்து அணைப்பார். மாடி விளக்கை மறந்துவிட்டால் போன் வரும். அந்தக் கண்ணாடித் தட்டுக்குச் 'சைல்டு லாக்' என்று ஒன்று உண்டு. குழந்தைகள் தொட்டு விளையாடாமல் இருக்கப் பூட்டிவைப்பது. என் படுக்கையறை ஏசிக்கு அதைப் போட்டுவைத்தார். நான் அதைத் தொட்டால் சிவப்பாக ஒருமுறை மினுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். பிசிக்ஸ் படித்த பொம்பளைக்குக் குழந்தைப் பூட்டு! இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். தூரத்தில் இருக்கிற மனிதர், இதுவாவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் தங்கைக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு, என் ஹால்தான் பெரியது என்பதால். நல்ல கோடை. வந்தவர்கள் எல்லோரும் துப்பட்டியைக் கழற்றினார்கள். வெளியே போகும்போது தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணி அது. உள்ளே வந்து பெண்கள் மட்டும் என்று ஆனால் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துக் காற்றாட உட்காருவார்கள். காலை நீட்டுவார்கள், கெக்கேபிக்கே என்று சிரிப்பார்கள். அந்த ஹாலில் அந்தச் சிரிப்புக்காகவே வீடு கட்டியது போல எனக்கு இருக்கும். கேமரா நினைப்பே இல்லாமல் இரண்டு ஏசியையும் போட்டுவிட்டு, இனிப்புக்கு வட்டிலப்பத்தைக் கிண்ணங்களில் வெட்டி வைத்தேன். மாப்பிள்ளையின் உம்மா தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஹால்ல எதுக்கு ரெண்டு ஏசி ஓடுது? ஒண்ணு போதும். நான் ஆஃப் பண்ணிட்டேன்."

உத்திரத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல். ஒரு ஏசி நின்றது.

மாப்பிள்ளையின் உம்மா கையை எடுத்தார். "யாரும்மா அது? செவுத்துக்குள்ளேருந்து ஆம்பளக் கொரலு கேக்குது?"

"அது... மச்சான்தான் மாமி. துபாய்லேருந்து" என்றேன்.

"அப்ப அவரு நம்மளப் பாத்துக்கிட்டா இருக்காரு?"

யா அல்லாஹ், அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன். ஒருத்தி அலறினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் துப்பட்டிக் குவியலில் பாய்ந்தார்கள், யாருடையது யாருக்கு என்று தெரியாமல் இழுத்துப் போர்த்தினார்கள். ஒரு வயசான அம்மா கையில் கிடைத்த ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். வட்டிலப்பக் கிண்ணங்கள் காலில் மிதிபட்டன. உத்திரத்திலிருந்து, "என்ன, என்ன ஆச்சு அங்க?" என்று குரல் வேறு. கொஞ்ச நேரத்தில் ஹால் காலி. தங்கை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சம்பந்தம் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நிச்சயத்தை எங்கள் சின்னம்மா வீட்டில் வைத்தார்கள். "உங்க மூத்தவ வூட்டுல வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். என் சொந்தத் தங்கை நிச்சயத்துக்கு என் ஹாலை வேண்டாம் என்றார்கள். அதோடு முடியவில்லை. மத்தியானத்தில் தையலை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் பெண்கள் நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ராத்தாகூட வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாள். உள்ளே வாங்க என்றால், "ஒன் வூட்டு செவுத்துக்குக் கண்ணு இருக்குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தனை பெரிய ஹாலில் நான் ஒருத்தி. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் ஹாலில் பெண்கள் மறுபடியும் துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

பெண்கள் ஓடிய அன்றே போனில் அவரிடம் கத்தினேன். "நான் யாரையும் பாக்கல, ஏசிய மட்டும்தான் பாத்தேன்" என்றார். உண்மையாகவே இருக்கலாம். மனிதர் அந்த அளவுக்கு ஏசிப் பைத்தியம்தான். "அப்ப கேமராவக் கழட்டச் சொல்லுங்க" என்றேன். "எல்லாரும்தான் வச்சிருக்காங்க, ஒனக்கு மட்டும் என்ன?" என்றார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது. கேமரா அணைந்தால் அவருக்குத் தகவல் போகுமாம்.

"கேமராவ ஆஃப் பண்ற அளவுக்கு வூட்ல என்ன நடக்குது?" என்று கேட்டார்.

போனை வைத்தேன். பிளக்கைத் திரும்பச் சொருகினேன். ஸ்டூலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன். ஒளுச் செய்துவிட்டு அசர் தொழுதேன். அந்தக் கேள்வியை அவர் யோசித்துக் கேட்டாரா, வாய்தவறி வந்துவிட்டதா என்றெல்லாம் நான் ஆராயவில்லை. தொழுகைப் பாயை மடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த மனிதரை நான் சும்மா விடப்போவதில்லை.

அன்றிலிருந்து நான் தங்கமான மனைவி. "சரி மச்சான்", "நீங்க சொன்னா சரிதான் மச்சான்". அவருக்கே ஆச்சரியம். மத்தியானங்களில் தனியாகத்தானே இருந்தேன், போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுக்க என்னை மாதிரிப் பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பெனிக்காரனிடம் வாங்காமல் வீட்டைத் தாங்களே ஆட்டிவைக்கிறவர்கள். ஒரு குழுவில் என் ஓட்டை இங்கிலீஷில் கேள்வி கேட்டேன். யாரோ ஒரு போலந்துக்காரர் படம் வரைந்து பதில் போட்டார். வாங்குகிறவர்கள் கடையில் போய், இது என்னவெல்லாம் செய்யும் என்று கேட்கிறார்கள். இந்தப் பைத்தியங்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு: இது யார் பேச்சைக் கேட்கும்? அதைப் படித்த அன்று எனக்கு அவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து நெய்ச்சோறு போட வேண்டும் போல இருந்தது.

முதல் வேலை கேமரா. அதைக் கழற்ற நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொல்லையில் தேங்காய் திருட்டுப் போவதாகத் தெருவில் பேச்சு இருந்தது, அதை அப்படியே அவர் காதில் போட்டேன். "நம்ம மோட்டாரு வேற கொல்லையிலதான் கெடக்கு மச்சான்" என்று கூடவே ஒரு சொட்டு நெய் விட்டேன். மறுநாளே கம்பெனி ஆளை அனுப்பி, கேமராவை ஹாலிலிருந்து கழற்றிக் கொல்லையில் மாட்டவைத்தார். அவராகவே! அதற்குப் பிறகு அவர் கணக்குப் பார்த்ததெல்லாம் தேங்காயைத்தான். "கெணத்தடியில ரெண்டு காய் விழுந்து கெடக்கு, எடுக்கலையா?" என்று போன் வரும். எடுத்துக்கொண்டுபோய்க் கேமராவுக்குக் காட்டுவேன்.

அடுத்தது சுவிட்சுகள். கண்ணாடித் தட்டுகளுக்குப் பின்னால் இருந்த கம்பெனியின் பெட்டிகளை நான் தொடவில்லை. தொட்டால் அவர் போனில் தெரிந்துவிடும். அதது சுவருக்குள் அதனதன் இடத்தில் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து விளக்குக்கும் ஃபேனுக்கும் ஏசிக்கும் போகும் ஒயரை மட்டும் கழற்றி, பக்கத்தில் நான் செய்துவைத்த ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினேன். மெயினை அணைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஓர் அறை. உம்மா தந்த பழைய மரச் சுவிட்சுப் பலகைகள் பரணில் இருந்தன, அவற்றை அலமாரிகளுக்குள் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரு கையளவு கம்ப்யூட்டரில் சேர்த்தேன், அதை அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இணைப்புகளுக்குச் சிவப்பு நகப்பாலிஷ்.

இனி அவர் துபாயிலிருந்து விளக்கை அணைத்தால் அவர் போனில் அணைந்ததாகக் காட்டும். சுவருக்குள் இருக்கும் கம்பெனிப் பெட்டி 'டக்' என்று விழும். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த 'டக்'கைக் கேட்பதற்காகவே நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். ரெண்டு ஏசியும் ஜில்லென்று ஓட, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. டக். அணைச்சுட்டீங்களா மச்சான்? நல்லா அணைங்க. என் வாழ்க்கையில் எந்த இசையும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. இரவு இஷாத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வரிசையாகக் கேட்கும்: ஹால், அடுப்படி, மாடிப்படி, கடைசியில் என் படுக்கையறை. நான் அங்கே விளக்குப் போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன்.

பெண்கள் வரத்தான் நாளாயிற்று. பக்கத்து வீட்டு ராத்தாவை இழுத்து வந்து உத்திரத்தில் இருந்த வெறும் ஆணி ஓட்டைகளைக் காட்டினேன். கொல்லைக்குக் கூட்டிப்போய்த் தேங்காய்க்குக் காவல் நிற்கும் கேமராவையும் காட்டினேன். விஷயம் முழுவதையும் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் மூலமாக ஒருத்தி, அந்த ஒருத்தி மூலமாக இரண்டு பேர். ஆனால் துப்பட்டியைக் கழற்றாமல் முனையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கையின் நிக்காஹ் முடிந்து அவளுக்கு மாமியாராகிவிட்ட அந்த உம்மா மட்டும் என் வாசற்படி ஏறவே இல்லை. தங்கையை மட்டும் வண்டியில் இறக்கிவிட்டுப் போவார். அவர் வந்தால்தான் ஊர் வரும் என்று எனக்குத் தெரியும். அவரை வரவழைக்க என் வீட்டுக்காரர்தான் வேண்டும் என்றும் தெரியும்.

என் வீட்டுக்காரர் லீவுக்கு வந்தார். வந்த அன்று அலைச்சலில் தூங்கிப்போனார். மறுநாள் காலையிலிருந்தே கூட்டாளிகளுக்குப் போன். விருந்து வைத்து வீட்டைக் காட்டப்போகிறாராம். "தாராளமா வைங்க மச்சான், சம்பந்தி வூட்டையும் கூப்பிடுங்க" என்றேன். புது சம்பந்தியை வீட்டின் மூத்த மாப்பிள்ளையே நேரில் போய் அழைத்தால் எங்கள் ஊரில் யாரும் மறுக்க முடியாது. அழைத்துவிட்டு வந்தார். விருந்துவரை எதைப் போடவும் அணைக்கவும் அவரை விடவில்லை, எல்லாம் நானே ஓடிச் செய்தேன், மாப்பிள்ளை மரியாதை!

ஹாலில் ஆண்கள், உள்கட்டில் பெண்கள், நடுவில் ஒரு கதவு, ஒரு திரை. பெரிய தாம்பாளங்களில் நெய்ச்சோறு, ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவியதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பக்கத்தில் தங்கையின் மாமியார், துப்பட்டியை இறுக்கிப் போர்த்தியபடி.

"இப்பப் பாருங்க. நான் ஒக்காந்த எடத்துலேருந்து எந்திரிக்க மாட்டேன்" என்றார். "லைட்ட ஆஃப் பண்றேன்."

சுவருக்குள் டக். விளக்கு எரிந்தது.

மறுபடி அமுக்கினார். டக், டக். கொத்து விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஏசியை அணைத்தார். ஏசி ஓடியது. ஃபேனை அணைத்தார். ஃபேன் சுற்றியது. ஒரு கூட்டாளி போனை எட்டிப் பார்த்தார். "இதுல ஆஃப்னுதானே இருக்கு?" என்றார். இன்னொருவர் வாய்விட்டே சொன்னார்: "மச்சான், வூடு ஒன்ன மதிக்கலையேடா!" ஹால் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் முகம் எனக்குத் திரையிடுக்கில் தெரிந்தது. காது மடல்வரை சிவந்திருந்தது. நான் அந்த முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

"இந்தா, நெட்டு போயிடுச்சா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எத அணைக்கணும்? என்கிட்ட கேளுங்க, நான் அணைக்கிறேன்."

சிரிப்பு நின்றது. நான் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. கடைசியில் அவர், "லைட்ட அணை" என்றார், குரலே இல்லாமல். அலமாரிக் கதவைத் திறந்து உம்மாவின் பழைய மரச் சுவிட்சைத் தட்டினேன். விளக்கு அணைந்தது. "ஏசி?" என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டியதைத் திரையோரம் நின்ற யாரோ எனக்குச் சொன்னார்கள். ஒன்றை அணைத்தேன். "ஒண்ணு போதும்ல மச்சான்?" என்றேன்.

உள்கட்டில் முதலில் சிரித்தது தங்கையின் மாமியார்தான். வாயில் துணியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என்னை ஒருமாதிரி பார்த்தார். துப்பட்டியைக் கழற்றினார், நாலாக மடித்தார், என் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "வட்டிலப்பம் இருக்காம்மா?" என்று கேட்டார். அன்று எனக்குக் கண்ணீர் வந்தது அப்போது மட்டும்தான்.

எல்லோரும் போன பிறகு அவர் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "எவ்வளவு நாளா இப்பிடி?" என்று கேட்டார்.

"கேமராவ ஆஃப் பண்ற அளவுக்கு வூட்ல என்ன நடக்குதுன்னு கேட்டீங்கல்ல. அன்னிலேருந்து."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டால் திருப்பிப் போடுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அவர் போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூம்ல எல்லாரும் தூங்குனப்புறம் நான் ஒவ்வொண்ணா அணைப்பேன்" என்றார். "ஹாலு, அடுப்படி, மாடிப்படி. கடைசியா ஒன் ரூமு. வூட்ட பூட்டிட்டுப் படுக்கிற மாதிரி இருக்கும். அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தாம்பாளம் கையில் அப்படியே நின்றது. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். கால்மேல் கால் போட்டு நான் ரசித்துக் கேட்ட வரிசை. சங்கடமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக நான் இறங்கிப் போகவில்லை. அந்த மனிதருக்குத் தூக்கம் வருவதற்காக என் வீட்டில் பெண்கள் ஜன்னல் திரையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். தூக்கம் வரவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். ஏசியைப் பற்றித்தான் பேசினார். மன்னிப்பு அப்போதும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

லீவு முடிந்து பெட்டி கட்டும்போது மெல்லக் கேட்டார். "ஒரே ஒரு லைட்டாவது எனக்குக் குடு புள்ள."

"எது வேணும்?"

"நீ இருக்கிற ரூமு லைட்டு."

"அது முடியாது" என்றேன். யோசிக்காமலேதான் சொன்னேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வாசல் விளக்கைக் கொடுத்தேன். வீட்டுக்கு வெளியே, கேட்டுக்கு மேலே, தெருவைப் பார்த்து எரிவது. அவருக்கு அதற்கான வழியை அவர் போனில் நானே போட்டுக் கொடுத்தேன், இம்முறை ஓனர் நம்பர் என்ற இடத்தில் என் நம்பர். இப்போது மஃரிப் ஆனதும் துபாயிலிருந்து அவர் என் வாசல் விளக்கைப் போடுகிறார். உள்ளே ஹாலில் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம், ஜன்னலில் வெளிச்சம் விழும். வேலை மும்முரத்தில் சில நாள் மறந்துவிடுவார். அன்றைக்கு வாசல் இருட்டாகவே கிடக்கும். வீட்டுக்குப் போகிற பெண்கள் படியைத் தடவித் தடவி இறங்கி, "லைட்டப் போடேன்டி" என்பார்கள். என் கைக்கெட்டும் தூரத்தில்தான் சுவிட்சு இருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டுபோய் அவர்களைத் தெருமுனைவரை விட்டுவிட்டு வருவேனே தவிர, அந்த விளக்கை நான் போடுவதில்லை.